இரும்பு வாணலி, வதக்கிய வெங்காயம், நிலவில்லாத இரவு

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். யாராவது ஒன்றை நன்றாக இருக்கிறது என்று சொன்னால் நம்பி வாங்கிவிடும் ஆள் நான். அப்படி வாங்கிய வார்ப்பிரும்பு வாணலி இப்போது துருப்பிடித்து மூலையில் கிடக்கிறது. எண்ணெய் தடவி ஓவனில் வைத்துப் பழக்கினேன். பிசுபிசுவென்று ஒரு படலம்தான் மிஞ்சியது. முட்டை ஊற்றினால் சுரண்டித்தான் எடுக்க வேண்டும். அதேபோல, பால்வெளியைப் பார்க்காதவர் வாழ்ந்தும் பயனில்லை என்று ஒருவர் சொன்னாரென்று ஒரு மலைக்குப் போனோம். நிலா காய்ந்தது, நாலைந்து விண்மீன்கள் தெரிந்தன, திரும்பிவிட்டோம். உங்களுக்குப் பிடித்த ஒரு பொருள், ஒரு உணவு, போய்ப் பார்க்க ஓர் இடம் சொல்லுங்கள். உணவு ஒருநாள் செய்து வைத்தால் சில நாளைக்கு வருவதாக இருந்தால் நல்லது.

இப்படிக்கு,
ஒரு வாசகி

அன்புள்ள வாசகிக்கு,

உங்களுக்குச் சொன்னவர்கள் தவறாக எதுவும் சொல்லிவிடவில்லை. அந்த வாணலியும் நல்ல பொருள்தான், பால்வெளியும் பார்க்க வேண்டியதுதான். எப்படிப் புழங்குவது, எங்கே சறுக்கும் என்பதைச் சேர்த்துச் சொல்லாமல் விட்டுவிட்டார்கள். பாதி சொன்ன பரிந்துரையால் பொருள் மூலைக்குப் போகிறது, வாங்கியவர் தன்னையே நொந்துகொள்கிறார். அதனால் புதிதாக எதையும் தேடாமல் அந்த இரண்டையுமே உங்களுக்குத் திரும்பப் பரிந்துரைக்கிறேன், இந்த முறை முழுதாக. உணவு மட்டும் புதிது.

முதலில் வாணலி. துருவைப் பார்த்துத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். ஒரு மரக்கரண்டியால் அதன் விளிம்பில் தட்டிப் பாருங்கள். கணீரென்று ஒலித்தால் நல்ல நிலையில் இருக்கிறது. சத்தம் மழுங்கி வந்தால் எங்காவது விரிசல் இருக்கலாம், வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள். விரிசல் விட்டதைச் சரிசெய்ய முடியாது. மேலாகப் பிடித்த துருவைக் கம்பி நாரால் சோப்பு போட்டுத் தேய்த்தாலே போய்விடும். தடித்துப் போயிருந்தால் வினிகரும் தண்ணீரும் சம அளவு கலந்து அதில் மூழ்க வையுங்கள். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை எடுத்துத் தேய்த்துப் பாருங்கள், அரை மணிக்கு மேல் வேண்டாம். துருவைத் தின்று முடித்த அமிலம் அடுத்து இரும்பைத் தின்னத் தொடங்கும். கழுவியதும் துணியால் துடைத்தால் மட்டும் போதாது. வார்ப்பிரும்பின் மேற்பரப்பு நுண்ணிய மேடுபள்ளங்களால் ஆனது, அதில் ஈரம் தங்கிவிடும். உடனே அடுப்பில் ஏற்றி, முழுக்கக் காயும்வரை சூடாக்குங்கள். தாமதித்தால் கண்ணெதிரே மறுபடி செம்மை படரும்.

இனி அந்தப் பிசுபிசுப்பு. பழக்குதல் என்றால் இரும்புக்கு எண்ணெய் குடிக்கக் கொடுப்பது என்று பலரும் நினைக்கிறார்கள். நடப்பது வேறு. சூட்டிலும் காற்றிலுள்ள ஆக்சிஜனிலும் எண்ணெயின் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று பிணைந்து, கெட்டியான ஒரு படலமாக இறுகுகின்றன. எண்ணெய் வண்ணத்தில் வரைந்த ஓவியம் காய்வதும் இதே வகை மாற்றம்தான். எண்ணெய் தடிமனாக இருந்தால் மேல்பகுதி மட்டும் இறுகி, அடியில் பாதி வெந்த எண்ணெய் மாட்டிக்கொள்ளும். உங்கள் வாணலியில் விரலில் ஒட்டுவது அதுதான்.

எனவே அளவு முக்கியம். 26 செ.மீ. வாணலிக்கு அரைத் தேக்கரண்டி எண்ணெய் தாராளம். வாணலி கைபொறுக்கும் சூட்டில் இருக்கும்போது உள்ளும் புறமும் கைப்பிடியிலும் தடவுங்கள். பிறகு நூல் உதிராத வேறு துணியை எடுத்து, தெரியாமல் தடவிவிட்டதுபோல முழுவதையும் துடைத்து எடுங்கள். பார்வைக்கு எண்ணெயே இல்லாததுபோல மங்கலாக இருக்க வேண்டும். எங்காவது பளபளத்தால் இன்னும் துடையுங்கள். ஓவனில் 230 டிகிரி செல்சியஸில், கவிழ்த்து, ஒரு மணி நேரம் வைத்து உள்ளேயே ஆறவிடுங்கள். இதை மூன்று நான்கு முறை செய்தால் பழுப்பு போய்க் கருமை கூடும். ஓவன் இல்லாவிட்டால், அதே மெல்லிய பூச்சோடு அடுப்பில் மிதமான தீயில் வைத்து, புகை எழுந்து அடங்கும்வரை விடுங்கள். ஜன்னலைத் திறந்து வையுங்கள். அடுப்பில் செய்தால் ஓரங்கள் சற்றுப் பின்தங்கும், சமைக்கச் சமைக்கச் சரியாகும். ஏற்கெனவே பிசுபிசுப்பாக இருப்பதை எண்ணெய் தடவாமல் இன்னொரு மணி நேரம் 230 டிகிரியில் வைத்துப் பாருங்கள். படலம் மெல்லியதாக இருந்தால் இறுகிவிடும், இல்லையென்றால் தேய்த்து எடுக்கத்தான் வேண்டும்.

எந்த எண்ணெய் என்று கேட்பீர்கள். சூரியகாந்தி, சோயா போன்ற சாதாரண எண்ணெயே போதும். ஆளிவிதை எண்ணெயைப் பலர் உயர்த்திச் சொல்கிறார்கள். அது நன்றாக இறுகும், கண்ணாடிபோலப் பளபளக்கும். ஆனால் நாள்பட, சூடும் கரண்டியும் பட்டுச் செதில் செதிலாக உரியும். நான் அதைப் பரிந்துரைப்பதில்லை.

முட்டை ஒட்டுவதற்குப் பழக்கிய படலம் மட்டும் காரணமில்லை, சூடும் காரணம். வார்ப்பிரும்பு சூட்டைக் கடத்துவதில் அலுமினியத்தில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்குதான். தீ படும் இடம் கொதிக்கும்போது ஓரம் வெதுவெதுப்பாகத்தான் இருக்கும். பெரிய தீயில் அவசரப்படுத்தினால் நடுவில் கருகி ஓரத்தில் ஒட்டும். குறைவுக்கும் மிதத்துக்கும் இடைப்பட்ட தீயில் ஐந்து முதல் எட்டு நிமிடம் வெறுமனே வையுங்கள். ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பாருங்கள். சுர்ரென்று கொதித்து இரண்டு மூன்று நொடியில் மறைந்தால் முட்டைக்குச் சரியான சூடு. சொட்டு உருண்டையாகி வழுக்கி ஓடினால் அது முட்டைக்கு அதிகம். தன் அடியில் உருவான நீராவி மெத்தையின் மேல் சொட்டு மிதப்பதால் வரும் ஓட்டம் அது. 1756ஆம் ஆண்டில் இதை விரிவாக எழுதிய ஜெர்மானிய மருத்துவர் லைடன்ஃப்ராஸ்ட்டின் பெயரால் இன்றும் அறியப்படுகிறது. ஸ்டீல் வாணலிக்குச் சொல்லப்படும் அந்த ஓடும் சொட்டுச் சோதனையை அப்படியே இரும்பில் முட்டைக்கு எடுத்துக்கொண்டுதான் பலர் கருக்குகிறார்கள்.

சூடு சரியானதும் ஒரு தேக்கரண்டி எண்ணெய், பத்து நொடி கழித்து முட்டை. ஊற்றியதும் கரண்டியைக் கீழே வைத்துவிடுங்கள். ஓரம் வெளுத்து, விளிம்பு லேசாகச் சுருண்டு எழும்பும். அடிப்பகுதி இறுகிவிட்டால் தானாகவே கையோடு வரும், ஏறக்குறைய ஒரு நிமிடம். அதற்கு முன் நெம்பினால் கிழியும். கிழிந்த இடம்தான் ஒட்டிக்கொண்டு, அடுத்த முட்டையையும் பிடித்துக்கொள்ளும்.

பாத்திரம் கழுவும் திரவம் படவே கூடாது என்பது பழைய எச்சரிக்கை. காரம் மிகுந்த சோப்புகள் படலத்தை அரித்த காலத்துக்கு அது பொருந்தியது. இன்றைய திரவத்தில் கழுவலாம். ஊறப்போடக் கூடாது, பாத்திரம் கழுவும் இயந்திரத்தில் போடக் கூடாது, கொதிக்கும் வாணலியில் பச்சைத் தண்ணீரை ஊற்றவும் கூடாது. வார்ப்பிரும்பில் இரண்டு முதல் நான்கு சதவீதம் கார்பன் இருக்கிறது. அதனால் உறுதி உண்டு, நெகிழ்வு இல்லை, திடீர்க் குளிர்ச்சியில் விரிசல் விடும். தக்காளி, எலுமிச்சை, வினிகர் சேர்ந்து நெடுநேரம் கொதிப்பதை முதல் சில மாதங்களுக்கு வேறு பாத்திரத்தில் செய்யுங்கள். மூடி போட்டு இறுக்கி வைக்காதீர்கள், உள்ளே ஈரம் நின்றுவிடும்.

ஒருவருக்கு மட்டும் இதை வாங்கச் சொல்ல மாட்டேன்: மணிக்கட்டு வலி உள்ளவருக்கு. இந்த அளவு வாணலி இரண்டு கிலோவுக்கு மேல் கனக்கும். அவர்கள் கார்பன் ஸ்டீல் வாணலி வாங்கலாம். பழக்கும் முறை ஒன்றுதான், எடை குறைவு, சூடும் சீக்கிரம் ஏறும்.

அடுத்தது உணவு. நிதானமாக வதக்கி, தேன் நிறம் தாண்டிக் கரும்பழுப்பு வரை கொண்டுபோன வெங்காயம். தனியாகச் சாப்பிடும் பண்டமில்லை, ஆனால் சூப், ஆம்லெட், ரொட்டி, பருப்பு, வேகவைத்த உருளைக்கிழங்கு, எதில் ஒரு கரண்டி போட்டாலும் அதன் தரமே மாறிவிடும். செய்முறைகளில் பத்து நிமிடம் என்று எழுதியிருப்பார்கள், அதை நம்பாதீர்கள். வெங்காயத்தில் ஏறக்குறைய 89 சதவீதம் தண்ணீர். அது போகும்வரை வெங்காயத்தின் சூடு 100 டிகிரியைத் தாண்டாது, நிறமும் சரியாக ஏறாது. தீயைக் கூட்டிப் பத்து நிமிடத்தில் முடித்தால் ஓரம் கருகி, உள்ளே பச்சை வாடை நிற்கும்.

ஒரு கிலோ வெங்காயத்தை வேர்ப்பக்கத்திலிருந்து நுனிப்பக்கமாக, மூன்று மி.மீ. தடிமனில், சீராக நறுக்குங்கள். குறுக்கே வட்டமாக நறுக்கினால் சீக்கிரம் குழையும். சமமில்லாமல் நறுக்கினால் மெல்லியது கருகும்போது தடித்தது அரைவேக்காட்டில் நிற்கும். அடி கனமான அகலமான ஸ்டீல் பாத்திரம் எடுங்கள். புதிதாகப் பழக்கிய இரும்பில் இவ்வளவு நேரம் ஈரமாக வதக்கினால் படலம் தளர்ந்துவிடும், அதனால் உங்கள் வாணலியை இதற்குத் தொடாதீர்கள். 30 கிராம் வெண்ணெய், அரைத் தேக்கரண்டி உப்பு. மூடி போட்டு மிதமான தீயில் பத்து நிமிடம். வெங்காயம் துவண்டு மூன்றில் ஒரு பங்காக அமுங்கும். மூடியை எடுத்து, தீயைக் குறைத்து, மூன்று நான்கு நிமிடத்துக்கு ஒருமுறை கிளறுங்கள். அரை மணி வரை பெரிதாக ஒன்றும் நடக்காததுபோல இருக்கும். அதன் பிறகு அடியில் பழுப்பாக ஒரு பிடிப்பு தோன்றும். அதைப் பார்த்து அடுப்பை அணைத்துவிட வேண்டாம், சுவை அதில்தான் இருக்கிறது. இரண்டு மேசைக்கரண்டி தண்ணீர் விட்டுச் சுரண்டினால் பிடிப்பு கரைந்து வெங்காயத்தின் மேலேயே ஏறும். மறுபடி பிடிக்கவிட்டு மறுபடி தண்ணீர், இப்படி மூன்று நான்கு முறை. பிடிப்பு கறுப்பாகிவிட்டால் மட்டும் சுரண்டாதீர்கள், கசப்பு ஏறிவிடும். மூடி திறந்த பின் 45 நிமிடத்திலிருந்து ஒரு மணி நேரம் ஆகும். முடிவில் ஏறக்குறைய கால் கிலோ மிஞ்சும். சர்க்கரை சேர்க்கத் தேவையில்லை, வெங்காயத்திலேயே போதுமான இனிப்பு இருக்கிறது.

சமையல் சோடா ஒரு சிட்டிகை போட்டால் நிறம் சீக்கிரம் ஏறும், உண்மைதான். ஆனால் வெங்காயம் கூழாகும், கொஞ்சம் கூடினாலும் சோப்பு வாடை வரும். சூப்புக்கு மட்டும் என்றால் போடலாம். ஆறிய பின் மூடி குளிர்பதனப் பெட்டியில் வைத்தால் நான்கு நாள் வரும். ஐஸ் தட்டில் குழி குழியாக நிரப்பி உறையவைத்தால் மாதக்கணக்கில் வைத்து, வேண்டும்போது ஒரு கட்டி எடுத்துக்கொள்ளலாம்.

மூன்றாவதாக நீங்கள் கேட்ட இடம். இருட்டான ஓர் இடம் என்றுதான் சொல்வேன். நீங்கள் மலையைத் தேர்ந்தெடுத்தீர்கள், நாளைத் தேர்ந்தெடுக்கவில்லை. பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் எந்த மலைக்குப் போனாலும் பால்வெளி தெரியாது. நிலா ஒவ்வொரு நாளும் சராசரியாக 50 நிமிடம் தாமதமாக உதிக்கும். தேய்பிறையின் எட்டாம் நாள் வாக்கில் அது நள்ளிரவை ஒட்டித்தான் வரும். அன்றிலிருந்து அமாவாசை கழிந்து மூன்றாம் நாள் வரை முன்னிரவு உங்களுடையது. மாதமும் பார்க்க வேண்டும். பால்வெளியின் செறிந்த மையப் பகுதி தனுசு மண்டலத்தின் திசையில் இருக்கிறது. ஜூன் முதல் ஆகஸ்ட் வரை முன்னிரவிலேயே நன்றாகத் தெரியும். டிசம்பர் கடைசியில் சூரியன் அந்தத் திசையில் நிற்பதால் அதைப் பார்க்கவே முடியாது. பூமியில் வடக்கே போகப்போக அது தொடுவானத்தை ஒட்டித் தாழ்ந்துவிடும்.

இடத்துக்கு உயரத்தைவிட முக்கியம், பெருநகரம் எந்தப் பக்கம் இருக்கிறது என்பது. நீங்கள் பார்க்கப்போகும் திசைக்கு எதிர்ப்பக்கத்தில் நகரம் இருக்கட்டும். வானத்தின் இருட்டை 1 முதல் 9 வரை தரம் பிரிக்கும் போர்ட்டில் அளவுகோல் ஒன்று உண்டு, எண் குறையக் குறைய இருட்டு அதிகம். ஜான் போர்ட்டில் 2001இல் வெளியிட்டது. ஒளிமாசு வரைபடங்களில் 4 அல்லது அதற்குக் கீழே உள்ள இடத்தைத் தேடுங்கள்.

போய்ச் சேர்ந்ததும் கண்ணுக்கு அவகாசம் கொடுங்கள். முழு இருட்டுக்குப் பழக 20 முதல் 30 நிமிடம் ஆகும். நடுவில் ஒருமுறை போன் திரையைப் பார்த்தால் அந்த நேரமெல்லாம் வீண். சிவப்பு ஒளி கண்ணின் பழக்கத்தை அவ்வளவாகக் கெடுக்காது, அதனால் சிவப்பு விளக்கு உள்ள தலைவிளக்கு ஒன்று வாங்குங்கள், அன்றாடத்துக்கும் கைகொடுக்கும். நேராகப் பார்த்தால் மறையும் மங்கலான பொருள், பக்கத்தில் பார்த்தால் தெரியும். பார்வையின் நடுப்புள்ளியில் இருட்டில் வேலை செய்யும் செல்கள் இல்லை. புகைப்படத்தில் கண்ட நிறங்களை எதிர்பார்க்காதீர்கள். அவை நெடுநேரம் ஒளி சேர்த்து எடுத்தவை. கண்ணுக்குப் பால்வெளி சாம்பல் நிறப் பட்டைதான், ஆனால் வானத்தின் குறுக்கே அது கிடக்கும் அளவு எந்தப் படத்திலும் வராது.

முதலில் தொலைநோக்கி வாங்க வேண்டாம். 10x50 பைனாகுலர் (பத்து மடங்கு பெரிதாக்கும், முன்வில்லை 50 மி.மீ. அகலம்) போதும், மடக்கிச் சாயும் நாற்காலியில் படுத்து, முழங்கைகளை நெஞ்சில் ஊன்றிப் பிடித்தால் நடுங்காது. அக்டோபர், நவம்பர் முன்னிரவுகளில் ஆண்ட்ரோமிடா மண்டலத்தில் ஒரு நீள்வட்ட மங்கல் தெரியும். அது 25 லட்சம் ஒளியாண்டுக்கு அப்பாலுள்ள தனி விண்மீன் திரள். லென்ஸில் பனி படர்ந்தால் துணியால் துடைக்காதீர்கள், தூசி உரசிக் கீறல் விழும். பைக்குள் கவிழ்த்து வைத்து, மெல்ல வெதுவெதுப்பாக விடுங்கள். குவியப்படுத்துவதை வீட்டிலேயே பகலில் பழகிக்கொள்ளுங்கள். வலக்கண்ணை மூடி நடுச்சக்கரத்தால் இடக்கண்ணுக்குத் துல்லியமாக்கி, பிறகு இடக்கண்ணை மூடி வலப்பக்கக் கண்வில்லையின் வளையத்தைத் திருப்புங்கள். வளையம் நின்ற எண்ணைக் குறித்துவைத்தால் இருட்டில் நடுச்சக்கரத்தை மட்டும் திருப்பினால் போதும்.

அன்புடன்