பீடி குடித்தால்தான் அமைதியாகிறானா? – மனநலம்: வாசகர் கேள்வி பதில்

புகைப்பழக்கத்தையும் மனநோயையும் பற்றித் திருநெல்வேலிப் பக்கமிருந்து வந்த கடிதங்களில் நான்கிற்கு இந்த இதழில் மனநல மருத்துவர் பதில் அளிக்கிறார். கடிதங்கள் சுருக்கப்பட்டுள்ளன, பெயர்கள் வெளியிடப்படவில்லை.

கேள்வி: என் மகனுக்கு வயது 26. மனச்சிதைவு நோய்க்குக் குளோசபின் மாத்திரை சாப்பிடுகிறான். நான் பீடி சுற்றிப் பிழைக்கிறவள். என் தட்டிலிருந்தே எடுத்துக் குடிக்கிறான். ஒரு நாளைக்கு ஒரு கட்டுக்கு மேல் ஆகிறது. குடித்தால் அமைதியாக இருக்கிறான், கொடுக்காவிட்டால் கத்துகிறான். “நிறுத்தினால் நோய் முற்றிப்போகும், அவன் போக்கில் விட்டுவிடு” என்கிறார் என் மதினி. நான் என்ன செய்ய வேண்டும்? – ஒரு தாய், முக்கூடல்

பதில்: அம்மா, உங்கள் மதினி சொல்வதை நான் மருத்துவம் படித்தவர்கள் வாயிலிருந்தும் கேட்டிருக்கிறேன். ‘பாவம், அவனுக்கு வேறு என்ன இன்பம் இருக்கிறது’ என்ற இரக்கத்தில்தான் அதைச் சொல்கிறார்கள். ஆனால் கடுமையான மனநோய் உள்ளவர்கள் மற்றவர்களைவிட 10 முதல் 20 ஆண்டுகள் முன்னதாக இறந்துபோகிறார்கள் என்பதையும், அவர்களில் பெரும்பாலோரைக் கொண்டுபோவது மாரடைப்பும் நுரையீரல் நோயும் போன்ற உடல்நோய்களே என்பதையும் தெரிந்துகொண்டால், அந்த இரக்கம் யாருக்கும் நன்மை செய்யவில்லை என்பது விளங்கும்.

முதலில் அந்த அமைதியைப் பற்றிச் சொல்கிறேன். புகையை இழுத்த சில விநாடிகளில் நிகோடின் மூளைக்குப் போய்விடுகிறது. ஏறத்தாழ இரண்டு மணி நேரத்தில் இரத்தத்தில் அதன் அளவு பாதியாகக் குறைகிறது. குறையக் குறைய எரிச்சலும் படபடப்பும் தலைதூக்குகின்றன. அடுத்த பீடி அந்தத் தவிப்பைத் தீர்க்கிறது. பார்க்கிறவர்களுக்கு நோயே தணிந்ததுபோலத் தெரிகிறது. உங்கள் மகன் கத்துவதில் நோயின் பங்கும் இருக்கலாம். ஆனால் கடைசியாகக் குடித்து எவ்வளவு நேரம் ஆயிற்று என்று இரண்டு நாள் கவனித்துப் பாருங்கள். தூங்கி எழுந்தவுடனும், பீடி கைக்குக் கிடைக்காத நேரங்களிலும்தான் கத்துகிறான் என்றால், நிகோடின் தேவைதான் அங்கே பெரிதும் பேசுகிறது.

இனி நான் சொல்லப்போவது உங்கள் கடிதத்துக்கு மிக முக்கியமானது. புகையிலை எரியும்போது வரும் புகையில் உள்ள சில தார்ப்பொருட்கள், கல்லீரலில் மருந்தைச் சிதைக்கும் ஒரு நொதியை முடுக்கிவிடுகின்றன. மனச்சிதைவுக்குத் தரப்படும் குளோசபின், ஒலான்சபின் ஆகிய இரண்டு மருந்துகளும் அந்த நொதியால்தான் பெரும்பாலும் சிதைக்கப்படுகின்றன. அதனால் பீடி குடிப்பவருக்கு அதே மாத்திரை இரத்தத்தில் குறைவாகவே நிற்கும். மருத்துவரும் அதற்கேற்ப அளவைக் கூட்டியிருப்பார். இந்நிலையில் பீடியைச் சட்டென்று நிறுத்தினால், நொதியின் வேகம் ஒரு வாரத்திற்குள் தணிந்து, அதே அளவு மாத்திரை இரத்தத்தில் மிகுதியாகிவிடும். ஆளை அடித்துப்போட்டதுபோன்ற தூக்கம், தலைசுற்றல், எச்சில் வடிதல், கடுமையான மலச்சிக்கல், சில சமயம் வலிப்புகூட வரலாம். இந்த மாற்றத்தைச் செய்வது புகைதான், நிகோடின் அல்ல. ஆகவே நிகோடின் சூயிங்கமோ தோலில் ஒட்டும் பட்டையோ பயன்படுத்தினாலும் மருந்தின் அளவைச் சரிபார்த்தே ஆக வேண்டும்.

‘ஆஸ்பத்திரியில் இருந்தவரை நன்றாக இருந்தான், வீட்டுக்கு வந்த பத்தாம் நாள் பழையபடி ஆகிவிட்டான்’ என்று குடும்பத்தார் சொல்லும்போது, நான் வீட்டுச் சண்டையைப் பற்றி விசாரிப்பதற்கு முன்பு பீடியைப் பற்றிக் கேட்பேன். வார்டில் புகைக்க வழியில்லாத நாட்களில் பொருந்திய மருந்தின் அளவு, வீட்டுக்கு வந்து மறுபடி புகைக்கத் தொடங்கியதும் போதாமல் போவது உண்டு. மாத்திரை வேளை தவறாமல் போய்க்கொண்டுதான் இருக்கும். ஆனால் உடம்பில் தங்காது.

எனவே நீங்களாக நிறுத்தவும் வேண்டாம், அப்படியே விட்டுவிடவும் வேண்டாம். மருத்துவரிடம், “இவன் ஒரு நாளைக்கு இத்தனை பீடி குடிக்கிறான், நிறுத்த நினைக்கிறோம்” என்று எண்ணிக்கையோடு சொல்லுங்கள். அவர் நிகோடின் மாற்று மருந்து கொடுத்து, குளோசபின் அளவைப் படிப்படியாகக் குறைத்து, தேவையானால் இரத்தத்தில் மருந்தின் அளவையும் பார்ப்பார். காப்பியும் அதே நொதியால்தான் சிதைகிறது. பீடியை நிறுத்துகிற வாரத்தில் காப்பியைப் பாதியாகக் குறைக்காவிட்டால், அதன் படபடப்பும் சேர்ந்துகொள்ளும்.

பீடி சுற்றுகிற வீட்டில் பீடியை நிறுத்துவது எவ்வளவு கடினம் என்பதை நான் உணராமல் இல்லை. முக்கூடலிலும் மேலப்பாளையத்திலும் ஆலங்குளத்திலும் எத்தனையோ குடும்பங்கள் இந்தத் தட்டை நம்பித்தான் இருக்கின்றன. தொழிலை விடுங்கள் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. சுற்றி முடித்த பீடியை எண்ணிப் பூட்டி வையுங்கள், முடிந்தால் அன்றன்றே கடையில் சேர்த்துவிடுங்கள். அவன் கண் முன்னால் தட்டு இல்லாத நேரம் கூடக்கூட, நிறுத்துவது அவனுக்கு அந்த அளவுக்கு எளிதாகும்.

கேள்வி: கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கும் மகனின் பையில் பென் டிரைவ் போன்ற ஒன்று இருந்தது. வேப் என்கிறான். பரீட்சை டென்ஷனுக்காகத்தான் என்றும், இது புகையே இல்லை, வெளிநாட்டில் டாக்டர்களே கொடுக்கிறார்கள் என்றும் வாதாடுகிறான். சிறு வயதிலிருந்தே பயந்த சுபாவம். – ஒரு தந்தை, பாளையங்கோட்டை

பதில்: உங்கள் மகன் சொல்வதில் ஒரு பாதி உண்மை. இங்கிலாந்தில், பல ஆண்டுகளாகச் சிகரெட் குடித்து விட முடியாமல் தவிக்கும் பெரியவர்களுக்கு, சிகரெட்டுக்கு மாற்றாக வேப்பிங்கைப் பரிந்துரைக்கிறார்கள்; அதில் புகையிலை எரிவதில்லை என்பதால் சிகரெட்டைவிடக் கேடு குறைவு என்பது அங்குள்ள கணிப்பு. சிகரெட்டே பிடிக்காத ஓர் இளைஞனுக்கு அந்தக் கணக்கு பொருந்தாது. இந்தியாவில் 2019-ஆம் ஆண்டுச் சட்டப்படி, வேப் உள்ளிட்ட இ-சிகரெட்டின் உற்பத்தி, இறக்குமதி, விற்பனை, விளம்பரம் எல்லாமே தடை செய்யப்பட்டவை. மீறி விற்பவருக்கு முதல் முறையே ஓராண்டு வரை சிறையோ ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமோ இரண்டுமோ கிடைக்கலாம். ஆகவே அவன் கைக்கு வருவது எந்தச் சோதனைக்கும் உட்படாத கள்ளச் சரக்கு. அதில் எவ்வளவு நிகோடின் இருக்கிறது என்பதை அவனுக்கு விற்றவனாலும் சொல்ல முடியாது. நிகோடினை உப்பு வடிவில் சேர்ப்பதால் தொண்டையைக் கமறாமல் மிகுதியான அளவு உள்ளே போகிறது. மூளையின் வளர்ச்சி 25 வயது வரையிலும் தொடர்வதால், இந்த வயதில் பழக்கம் விரைவில் வேரூன்றும்.

அவனோடு வாதாடுவதைவிட ஒரு கேள்வியைக் கேளுங்கள்: மூன்று மணி நேரப் பரீட்சையில், இரண்டாவது மணி நேரத்தில் உனக்கு எப்படி இருக்கிறது? வேப்பை வெளியே வைத்துவிட்டு உள்ளே போனவனுக்கு, கேள்வித்தாளின் கடைசிப் பகுதியை எழுதும் நேரத்தில் நிகோடின் இறங்கி, கவனம் சிதறி, கால் ஆடத் தொடங்கும். டென்ஷனுக்காக இழுத்ததே பரீட்சைக் கூடத்தில் டென்ஷனைக் கொண்டுவருகிறது என்பதை அவனே கண்டுகொள்வான்.

பறிமுதல் செய்து திட்டுவதோடு நிறுத்திவிடாதீர்கள் என்று உங்களை மன்றாடிக் கேட்டுக்கொள்கிறேன். ‘பயந்த சுபாவம்’ என்று நீங்கள் ஒரே வரியில் எழுதியிருப்பதுதான் என் கவலை. அது மனப்பதற்ற நோயாக இருக்கலாம். பேச்சுவழிச் சிகிச்சைக்கு நன்றாகவே கட்டுப்படும். அதைக் கவனிக்காமல் விட்டால், இந்தக் கருவி போனாலும் இன்னொன்று வரும்.

கேள்வி: மனச்சோர்வுக்கு மருந்து சாப்பிட்டுத் தேறியிருக்கிறேன். சிகரெட்டை நிறுத்தினால் மூன்றாம் நாளே தூக்கம் இல்லை, எரிச்சல், காரணமில்லாமல் அழுகை. “நீங்க குடிச்சாத்தான் வீடு நிம்மதியா இருக்கும்” என்று என் மனைவியே வாங்கிக் கொடுத்துவிட்டார். நோய் திரும்புகிறதா? – ஒரு வியாபாரி, திருநெல்வேலி டவுண்

பதில்: நீங்கள் குறிப்பிட்ட மூன்றாம் நாள்தான் நிகோடின் விலகலின், அதாவது நிகோடின் கிடைக்காமல் உடம்பு படும் தவிப்பின் உச்சம். முதல் வாரம் கடினமாக இருக்கும்; இரண்டு முதல் நான்கு வாரங்களில் தணிந்துவிடும். அதற்குப் பிறகும் மனம் இருண்டே இருந்தாலோ, எதிலும் நாட்டம் இல்லாமல் போனாலோ மருத்துவரைப் பாருங்கள். சாக வேண்டும் என்ற எண்ணம் தலைகாட்டினால் நாள் கணக்கே பார்க்க வேண்டாம். 14416 என்ற டெலிமானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணுக்கு எந்த நேரமும் தமிழில் பேசலாம், உடனே ஆஸ்பத்திரிக்கும் போகலாம்.

அந்த வாரங்களைத் தாண்டியவர்களின் நிலை தெளிவாக ஆராயப்பட்டிருக்கிறது. 26 ஆய்வுகளைத் தொகுத்து 2014-இல் வெளிவந்த ஒரு மதிப்பீட்டில், புகைப்பதைத் தொடர்ந்தவர்களோடு ஒப்பிடும்போது நிறுத்தியவர்களுக்கு மனச்சோர்வும் பதற்றமும் குறைந்திருந்தன. மனநோய் உள்ளவர்களுக்கும் அதே அளவு நன்மை தெரிந்தது. புகைப்பதை நிறுத்த உதவும் வாரெனிக்ளின், புப்ரோபியான் ஆகிய மருந்துகள் மனநிலையைக் கெடுக்குமோ என்று முன்பு இருந்த அச்சத்தையும், 8,000-க்கும் மேற்பட்டோரிடம் நடந்து 2016-இல் வெளியான ஆய்வு பெருமளவு போக்கிவிட்டது. அவர்களில் ஏறத்தாழப் பாதிப்பேர் மனநோய் இப்போதோ முன்போ இருந்தவர்கள். ஆனால் வலிப்பு நோய் உள்ளவர்கள் புப்ரோபியானைத் தவிர்க்க வேண்டும்.

எந்த உதவியும் இல்லாமல் வெறும் மனவுறுதியால் நிறுத்தப் பார்த்ததுதான் உங்கள் சிரமத்திற்குக் காரணம் என்று நினைக்கிறேன். எழுந்த அரை மணி நேரத்திற்குள் முதல் சிகரெட் வேண்டியிருந்தால் 4 மில்லிகிராம் நிகோடின் சூயிங்கம், இல்லையென்றால் 2 மில்லிகிராம் என்பது பொது விதி. அதை மிட்டாய்ச் சூயிங்கம்போல மென்றுகொண்டே இருப்பதால்தான் பலருக்கும் விக்கலும் வயிற்றெரிச்சலும் வந்து, ‘ஒத்துக்கொள்ளவில்லை’ என்று விட்டுவிடுகிறார்கள். காரம் தெரியும்வரை மெதுவாக மென்று, பிறகு கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவே ஒதுக்கி வையுங்கள். காரம் அடங்கியதும் மறுபடி நான்கைந்து தடவை மெல்லுங்கள். ஒன்று அரை மணி நேரம் வரும். மெல்லும்போதும் அதற்குக் கால் மணி நேரம் முன்பும் காப்பி, டீ, குளிர்பானம் குடித்தால் மருந்து வாயில் சரியாக உறிஞ்சப்படாது. 1800-11-2356 என்ற தேசியப் புகையிலை விடுப்பு உதவி எண்ணிலும் ஆலோசனை இலவசம். உங்கள் மனைவியிடம் இந்தப் பதிலைக் காட்டுங்கள். அவர் பயந்து போயிருக்கிறார், அந்தப் பயம் நியாயமானது.

கேள்வி: என் தம்பி மாத்திரை சாப்பிட மறுக்கிறான். ஒரு மாத்திரைக்கு ஒரு சிகரெட் என்று பேசிவைத்துத்தான் கொடுக்கிறோம். சரியா? – அம்பாசமுத்திரம் வாசகி

பதில்: சரியில்லை, அம்மா. மாத்திரை ஒலான்சபினாக இருந்தால், அதன் வேலையைக் குறைக்கும் பொருளையே நீங்கள் பரிசாகக் கொடுத்துக்கொண்டிருக்கிறீர்கள். அதைவிட, அவன் ஏன் மறுக்கிறான் என்று கேட்டீர்களா? உடல் பருப்பது, கை நடுங்குவது, பகலெல்லாம் தூங்கி வழிவது என்று ஏதோ ஒன்றை அவன் தாங்க முடியாமல் இருக்கலாம். அதை மருத்துவரிடம் சொன்னால் மருந்தை மாற்ற முடியும். தினமும் மாத்திரை வேண்டாத, சில வாரங்களுக்கு ஒருமுறை போடும் ஊசியும் இருக்கிறது. அடுத்த முறை அவனையும் அழைத்துப் போய், அந்தப் பேச்சை அவனையே பேசச் சொல்லுங்கள்.