கைச்சரக்கு: நீங்க கேட்டீங்க, நான் சொல்றேன்

கேள்வி: குறும்படத்துக்கு ஒரு ரொமான்டிக் காமெடி ஸ்கிரிப்ட் எழுதறேன். மொத்தம் 15 பக்கம்னு பிளான், ஆனா 4ஆவது பக்கத்துலயே ரெண்டு பேரும் லவ்வை சொல்லிட்டாங்க. மீதி 11 பக்கத்துக்கு என்ன பண்றது?

பதில்: கல்யாணம் பண்ணி வச்சு அனுப்பிடுங்க தம்பி, வேறென்ன. சரி சரி, கோவிச்சுக்காதீங்க. ஸ்கிரிப்ட்ல ஒரு பக்கம்னா திரையில ஏறக்குறைய ஒரு நிமிஷம், அப்படிப் பாத்தா உங்க படம் நாலாவது நிமிஷத்துலயே முடிஞ்சுடுச்சு. ஆனா அவங்க சீக்கிரம் சொன்னது தப்பில்ல, நடுவுல மறிக்க எதுவுமே இல்ல பாருங்க, அதான் கோளாறு. இந்த இடத்துல எல்லாரும் கொண்டு வர்றது என்னன்னா, அவளை யாரோ ஒருத்தனோட பாத்துட்டு இவன் சந்தேகப்படுவான், கடைசில பாத்தா அது அவ அண்ணன். கும்பிட்டுக் கேக்கறேன், வேண்டாம். ஒரு போன் போட்டா தீர்ந்துடற பிரச்சனைய வச்சு 11 நிமிஷம் ஓட்ட முடியாது.

இடைஞ்சல் அவங்க குணத்துலயே இருக்கணும். உதாரணத்துக்கு, அவளுக்கு யார்கிட்டயாவது உதவி கேக்கறதுன்னா உயிரே போயிடும், அவனுக்கோ யாராவது கஷ்டப்படறதைப் பாத்தா கை சும்மா இருக்காது. இப்ப அவ காலை ஒடச்சுக்கட்டும். வலிக்கவே இல்லைன்னு இவ நடிக்க, நான் எதையும் கவனிக்கலையேன்னு அவன் நடிச்சுக்கிட்டே நாற்காலிய மெல்ல நகர்த்தி வைக்க, அவ அதைக் கண்டுபிடிச்சு வேணும்னே நின்னுக்கிட்டே இருக்க, காமெடி தானா வரும், ஏன்னா ரெண்டு பேர் பக்கமும் நியாயம் இருக்கு. 4ஆம் பக்கத்தை அப்படியே வச்சுக்குங்க, லவ்வை சொன்னப்புறம்தானே தொல்லையே ஆரம்பிக்குது.

கேள்வி: என் பொண்ணுக்கு 5ஆம் வகுப்பு சயின்ஸ் ப்ராஜெக்ட், எலுமிச்சம்பழத்துல பல்பு எரிய வைக்கறது. ராத்திரி 1 மணி வரைக்கும் நான்தான் முட்டிக்கிட்டு இருந்தேன், எரியவே இல்ல. அவ தூங்கிட்டா.

பதில்: பாவம், நீங்களும் போய் தூங்கிருக்கலாம்! டார்ச் பல்பை மாட்டிருப்பீங்கன்னு நினைக்கிறேன், அது எரியாதும்மா. துத்தநாகம் பூசின ஆணி ஒண்ணு, செம்புக் கம்பி ஒண்ணு, ரெண்டையும் ஒண்ணை ஒண்ணு தொடாம ஒரு பழத்துல குத்தினா சுமார் 0.9 வோல்ட் வரும், ஆனா கரண்ட் ரொம்ப ரொம்பக் கம்மி, டார்ச் பல்புக்கு எந்த மூலைக்கும் பத்தாது. சின்ன சிவப்பு எல்இடி வாங்குங்க, அதுக்கு 2 வோல்ட் கிட்ட இருந்தா போதும். நாலு பழத்தை வரிசையா, ஒண்ணோட செம்பு அடுத்ததோட ஆணிக்குப் போற மாதிரி கோத்துடுங்க, எல்இடியோட நீளமான கால் கடைசியா மிஞ்சற செம்புப் பக்கம். லைட்டை அணைச்சுட்டுப் பாருங்க, மங்கலாத்தான் தெரியும். அப்புறம் அந்தப் பழத்தைப் பிழிஞ்சு கிழிஞ்சு குடிச்சுடாதீங்க, உலோகம் கரைஞ்சிருக்கும்.

இன்னொண்ணு. கரண்ட் பழத்துல இருந்து வருதுன்னு சார்ட்ல எழுதிடப் போறா, தேஞ்சு கரையறது துத்தநாகம், சக்தி அங்கேருந்துதான் வருது, சாறு வழி விடுது அவ்வளவுதான். என்னைக் கேட்டா அந்த எரியாத பல்பையும் பக்கத்துலயே வைக்கச் சொல்வேன், "இது ஏன் எரியல"ன்னு அவ வாயால சொன்னாலே அது ப்ராஜெக்ட். இன்னும் ஆசை இருந்தா உருளைக்கிழங்குல பண்ணட்டும், பச்சையா ஒண்ணு, வேக வச்சது ஒண்ணு. வேக வச்சதுல கூடுதலா கரண்ட் வரும், 2010லயே ஆராய்ச்சியாளர்கள் அளந்து பாத்த விஷயம்தான் இது, ஆனா மீட்டரை அவ கையால பிடிச்சு அளக்கணும். நீங்க கொஞ்சம் தள்ளி உக்காருங்க.

கேள்வி: வினிகர், சோடா எரிமலை பழசாயிடுச்சா?

பதில்: ஆயிடுச்சு. எரிமலைய விட்டுட்டு பலூனைப் பிடிங்க. பாட்டில்ல 100 மில்லி வினிகர், பலூனுக்குள்ள சமையல் சோடா, வாயில மாட்டிக் கவுத்தினா கார்பன் டை ஆக்சைடு வந்து ஊதும். சோடாவை 2 கிராம், 4, 6ன்னு ஏத்திக்கிட்டே போங்க, சாதாரண 5 சதவீத வினிகர்னா 7 கிராம் தாண்டினப்புறம் எவ்வளவு கொட்டினாலும் பலூன் பெருசாகாது, அமிலம் தீர்ந்துடும். எரிமலைல அளக்கறதுக்கு என்ன இருக்கு, நுரையைத் துடைக்கற வேலைதான் மிச்சம்.

கேள்வி: நான் எழுதற காமெடி டயலாக்கை வீட்டுக்காரர்கிட்ட படிச்சுக் காட்டினா சிரிக்கவே மாட்டேங்கறார். உதாரணம் ஒண்ணு அனுப்பிருக்கேன்: "உன்னை மாதிரி ஒரு சோம்பேறிக்கு அலாரம் வைக்கறதுக்குக்கூட ஒரு ஆள் வேணும்னு நான் நினைக்கிறேன்."

பதில்: அவர் மேல தப்பில்லங்க. நம்ம மொழியில வினை கடைசியில போய் உக்காந்துடும், எழுதும்போது "நினைக்கிறேன்", "இருக்கிறது"ன்னு வால் நீண்டுடுது, சிரிக்க வேண்டிய வார்த்தை நடுவுலயே நசுங்கிப் போயிடுது. பேச்சுல நாம அப்படியா பேசறோம், "வந்துட்டார் பாரு உங்கப்பா"ன்னுதானே சொல்றோம். அதே மாதிரி திருப்பிப் போடுங்க: "இவனுக்கு ஆள் வேணுமாம், அலாரம் வைக்க." பாதிதான் இருக்கு பாருங்க. இனிமே நீங்க படிச்சுக் காட்டாதீங்க, பேப்பரை அவர் கையில குடுத்து அவரைப் படிக்கச் சொல்லுங்க, நாக்கு எங்க தடுக்குதோ அங்க ஒரு கோடு போட்டுக்குங்க.