நூற்றுக்கு நூறு வாங்கிய உறுப்பினர்: சில கேள்விகள், பதில்கள்

கலிஃபோர்னியாவில் நுகர்வோர் அமைப்புகள் மாநிலச் சட்டமன்ற உறுப்பினர்களுக்கு மதிப்பெண் போட்டு, முழு மதிப்பெண் வாங்கியவர்களைப் பாராட்டுவது வழக்கம். நுகர்வோர் மசோதாக்களில் அவர்கள் எப்படி வாக்களித்தார்கள் என்பதுதான் கணக்கு. இது குறித்து வந்த கேள்விகளில் சில.

சான் ஹோசே வாசகர்: எங்கள் தொகுதி உறுப்பினருக்கு 100 மதிப்பெண் என்கிறார்கள். நம்பலாமா?

நம்பலாம். ஆனால் எந்தப் பரீட்சையில் நூறு என்று முதலில் பாருங்கள். வருடத்துக்கு ஏறக்குறைய இரண்டாயிரம் மசோதாக்கள் வருகின்றன. அமைப்புகள் அதில் ஒரு கைப்பிடி அளவுதான் எடுத்துக்கொள்கின்றன. எல்லாரும் சரி என்ற மசோதாவில் சரி என்றதற்கு என்ன பாராட்டு? பெரிய நிறுவனங்கள் வரிந்துகட்டிக்கொண்டு எதிர்த்த மசோதாக்கள் பட்டியலில் இருந்தால், அந்த நூறுக்கு மரியாதை உண்டு.

ஃபிரிமான்ட் வாசகி: ஒருவர் எந்த மசோதாவையும் எதிர்த்து வாக்களிக்கவில்லை. ஆனாலும் மதிப்பெண் குறைவு. இது அநியாயம் இல்லையா?

நீங்கள் கேட்டதுதான் விஷயத்தின் கரு. அங்கே கீழவையில் 80 பேர், மேலவையில் 40 பேர். சாதாரண மசோதா தேற 41, 21 ஆதரவு வாக்குகள் வேண்டும். வந்திருப்பவர்களில் பாதி என்பதல்ல, மொத்த இடங்களில் பாதிக்கு மேல். ஆகவே வாக்களிக்காமல் உட்கார்ந்திருப்பதும் எதிர்ப்பதும் விளைவில் ஒன்றுதான். ‘எதிர்த்தார்’ என்ற பெயர் மட்டும் வராது. தொகுதி மக்களையும் பகைக்கக்கூடாது, நிதி தரும் நிறுவனங்களையும் பகைக்கக்கூடாது என்று நினைப்பவருக்கு இதைவிட வசதி ஏது? அதனால்தான் சில பட்டியல்கள் வாக்களிக்காததையும் எதிர்ப்பாகவே கணக்கில் எடுக்கின்றன. எனக்கு அது நியாயமாகவே படுகிறது, உடல்நலக்குறைவால் விடுப்பில் இருந்தவரைத் தனியாகக் குறித்தால்.

இன்னொரு சங்கதி. கீழவையில் முடிவு மாறாத வரை, வாக்கெடுப்பு முடிந்த பிறகும் அன்றைக்குள் வாக்கைச் சேர்க்கலாம், மாற்றலாம். மசோதா தேறிவிட்டது என்று தெரிந்தபின் ஆதரவாளர் ஆனவரும் பட்டியலில் ஆதரவாளர்தான்.

சாக்ரமென்டோ மாணவர்: வாக்கெடுப்புக்கே வராமல் செத்துப்போகும் மசோதாக்கள்?

அங்கேதான் மதிப்பெண் பட்டியல் கையைப் பிசைகிறது. அரசுக்குக் குறிப்பிட்ட தொகைக்கு மேல் செலவு வைக்கும் மசோதாக்களை நிதி ஒதுக்கீட்டுக் குழு ‘சஸ்பென்ஸ் ஃபைல்’ என்ற கோப்பில் போட்டு வைக்கும். மே, ஆகஸ்ட் மாதங்களில் நூற்றுக்கணக்கானவற்றின் கதியை மடமடவென்று வாசித்துவிடுவார்கள். நிறுத்திவைக்கப்பட்டவற்றுக்கு வாக்கெடுப்பு கிடையாது. யார் கொன்றார் என்று எழுத்தில் இருக்காது.

பழுதுபார்க்கும் உரிமை மசோதாவைப் பாருங்கள். செனட்டர் சூசன் எக்மன் 2022-இல் கொண்டுவந்தது மேலவையின் இந்தக் குழுவிலேயே அடங்கிப்போனது. மறு வருடம் எஸ்பி 244 (எஸ்பி என்றால் செனட் பில், அதாவது மேலவை மசோதா) என்று திரும்பக் கொண்டுவந்தார். அதே மேலவையில் 38-0! இப்போது 100 டாலரும் அதற்கு மேலும் விலையுள்ள மின்னணுப் பொருள்களுக்கு ஏழு வருடம் உதிரிபாகம், கையேடு தர வேண்டும் என்பது சட்டம். முந்தைய வருடம் தடுத்தவர் யாரென்று எந்தப் பட்டியலும் சொல்லாது.

ஓக்லண்ட் வாசகர்: மறைமுகக் கட்டணத்தை ஒழித்தவர்கள் என்று பாராட்டு வாங்கினார்களே, ஹோட்டலில் சாப்பிட்ட பில்லில் இன்னும் ‘சர்வீஸ் ஃபீ’ வருகிறதே?

எஸ்பி 478 நிறைவேறியது 2023-இல். கட்டாயக் கட்டணங்களைச் சேர்த்த முழு விலையை முதலிலேயே காட்ட வேண்டும் என்பது அதன் சாரம். 2024 ஜூலை 1-இல் அமலுக்கு வர இருந்த நிலையில், இரண்டு நாள் முன்பு எஸ்பி 1524 கையெழுத்தாகி உணவகங்களுக்கு விலக்கு வந்துவிட்டது. மெனுவில் தெளிவாகப் போட்டால் போதும். வேடிக்கை என்னவென்றால், இரண்டு மசோதாக்களிலும் செனட்டர் பில் டாட் பெயர் இருக்கிறது. ஆகவே முதல் சட்டத்துக்குப் பாராட்டியவர்கள் இரண்டாவதையும் கணக்கில் சேர்த்தார்களா என்று பாருங்கள்.

சென்னை வாசகி: நம் எம்.எல்.ஏ.க்களுக்கும் இப்படிப் போட முடியாதா?

கஷ்டம். இங்கே பெரும்பாலும் குரல் வாக்கெடுப்பு, யார் என்ன சொன்னார் என்று பெயர்வாரியாகப் பதிவு இருக்காது. பதிவு இருந்தாலும், 1985-இல் வந்த கட்சித்தாவல் தடைச் சட்டத்தால் கொறடா உத்தரவை மீறினால் பதவிக்கே ஆபத்து. அப்புறம் மதிப்பெண் உறுப்பினருக்கா, கட்சிக்கா? கேட்ட கேள்விகள், பேசிய விவாதங்கள், வருகை ஆகியவற்றை வைத்துப் போடலாம். எம்.பி.க்களுக்கு பிஆர்எஸ் என்ற சட்டமியற்றல் ஆய்வு அமைப்பு அந்த விவரங்களைத் தொகுத்து வெளியிடுகிறது.

மீண்டும் சான் ஹோசே வாசகர்: நானே சரிபார்க்க எங்கே போவது?

சட்டமன்றத்தின் இணையதளத்தில் மசோதா எண்ணைக் கொடுத்து ‘வோட்ஸ்’ பகுதியைத் திறங்கள். ஆதரவு, எதிர்ப்பு, வாக்களிக்காதோர் என்று பெயர்கள் வரும். மூன்றாவது வரிசையிலிருந்து படிக்க ஆரம்பியுங்கள்.