கேட்டீர்கள், சொல்கிறோம்: மேசானிக் லாட்ஜும் குடும்பமும்

ஃப்ரீமேசன் என்ற சகோதரத்துவ அமைப்பின் உள்ளூர்க் கிளையான லாட்ஜ் பற்றி மும்பை வாசகர்களிடமிருந்து வந்த கடிதங்களில் சிலவற்றுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம். சடங்கின் உள்விவரங்களைக் கேட்டவர்களுக்கு இங்கே பதில் இல்லை. உறுப்பினரின் அன்றாடம், விருந்து, சந்தா, முதுமை ஆகியவற்றைப் பற்றிக் கேட்டவர்களுக்கே பதில்.

என் கணவருக்கு 58 வயது. உடன் வேலை பார்த்தவர் ஒருவர் ஃபோர்ட்டில் கூடும் மேசானிக் லாட்ஜில் சேரச் சொல்கிறார். இவர் மது தொடமாட்டார், சைவம். இவருக்கு அது சரிப்படுமா? என்ன செலவாகும்?
— வாசகி, செம்பூர்

மது குடிக்காதவர் என்பது தடையே இல்லை. வாழ்த்துக் கோப்பையை எலுமிச்சைச் சாறோடு உயர்த்தினாலும் அது வாழ்த்துதான். எந்த மதத்தவரும் சேரலாம், ஆனால் கடவுள் நம்பிக்கை கட்டாயம். இந்திய கிராண்ட் லாட்ஜின் (லாட்ஜ்களை ஆளும் தலைமை அமைப்பு) கீழுள்ள லாட்ஜ்களில் கீதை, குர்ஆன், பைபிள், குரு கிரந்த் சாகிப், பார்சிகளின் ஜெந்த் அவெஸ்தா ஆகிய ஐந்தும் வைக்கப்படும். மத விவாதமும் அரசியல் பேச்சும் அங்கே கிடையாது.

முதலில் ஒன்றைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்: அந்த லாட்ஜ் எந்த கிராண்ட் லாட்ஜைச் சேர்ந்தது? 1961 நவம்பரில் இந்திய கிராண்ட் லாட்ஜ் உருவானபோது பழைய லாட்ஜ்கள் எல்லாமே அதில் சேர்ந்துவிடவில்லை. இங்கிலாந்து, ஸ்காட்லாந்து கிராண்ட் லாட்ஜ்களின் கீழேயே தொடர்பவை மும்பையில் இன்றும் உண்டு. சந்தா, கூட்ட நாட்கள், கௌரவங்கள் எல்லாமே இதைப் பொறுத்து மாறும்.

செலவு ஐந்து வகை: சேரும் கட்டணம், ஆண்டுச் சந்தா, ஒவ்வொரு கூட்டத்துக்கும் சாப்பாட்டுப் பணம் (சில லாட்ஜ்களில் சந்தாவிலேயே அடங்கும்), உடை, தர்ம வசூல். ஐந்தையும் கையெழுத்துப் போடும் முன் செக்ரட்டரியிடம் எழுதி வாங்குவது நல்லது. உடை என்றால் கருநிற சூட், டை, வெள்ளைக் கையுறை, ஏப்ரன். உறுப்பினர் ஏறும் படிகள் மூன்று. முதல் படியில் ஏப்ரன் அலங்காரமே இல்லாத வெள்ளை ஆட்டுத்தோல். இரண்டாம் படியில் கீழ் மூலைகளில் இரண்டு நீலப் பூக்கள் வரும். மூன்றாம் படியில் மூன்றாவது பூ, வெளிர்நீலக் கரை, இருபுறமும் ஏழேழு சிறு சங்கிலிகள் தொங்கும் குஞ்சம். மூன்று படிகளையும் ஒரே மாதத்தில் முடிக்க முடியாது, இடைவெளி உண்டு.

முன்மொழிபவர், வழிமொழிபவர், நேர்காணல், பிறகு ரகசிய வாக்கெடுப்பு. வாக்கு வெள்ளைக் குண்டு, கறுப்புக் குண்டு. கறுப்பு ஒரு சில விழுந்தாலே விண்ணப்பம் போயிற்று. பல லாட்ஜ்களில் குழுவினர் வீட்டுக்கே வந்து மனைவியிடமும் பேசுவார்கள். மாலை நேரங்கள் போகும், வருடாவருடம் பணம் போகும் என்பது வீட்டுக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்பதற்காகத்தான். அன்று கூச்சப்படாமல் கேள்வி கேளுங்கள். தொழில் தொடர்பு கிடைக்கும் என்று எண்ணிச் சேர்பவர்கள் பெரும்பாலும் இரண்டாம் ஆண்டே நின்றுவிடுகிறார்கள். சொந்த ஆதாயத்துக்காகச் சேரவில்லை என்று விண்ணப்பத்திலேயே உறுதி கேட்கிறார்கள். அதை அவர் மனதாரச் சொல்ல முடிந்தால் சேரட்டும்.

இந்த ஆண்டு என்னை ஸ்டூவர்டாக நியமித்திருக்கிறார்கள். அடுத்த கூட்டத்துக்குச் சுமார் 50 பேர் சாப்பாடு என் பொறுப்பு. எங்கே தொடங்குவது?
— வாசகர், மாட்டுங்கா

லாட்ஜ் வாழ்வில் பாதி இந்த மேஜையில்தான் நடக்கிறது. அதனால் இதைச் சின்னப் பதவி என்று நினைக்காதீர்கள். உங்கள் கழுத்துப் பட்டையில் தொங்கும் சின்னத்தைப் பாருங்கள்: விரித்த காம்பஸின் கால்களுக்கு நடுவே பழமும் தானியமும் நிறைந்த கொம்பு. அது ஸ்டூவர்டுக்கு மட்டுமே உரியது.

எண்ணிக்கையில்தான் முதல் தவறு நடக்கும். 'வருகிறேன்' என்றவர்களில் சிலர் வரமாட்டார்கள். சொல்லாமல் வேறு லாட்ஜிலிருந்து விருந்தினர் சிலர் வருவார்கள். மூன்று நாள் முன்பே பெயர்ப் பட்டியலை மூடிவிடுங்கள். 50 பேர் உறுதி சொன்னால் கேட்டரரிடம் 45 தட்டுக்கு உத்தரவாதம் கொடுங்கள், ஐந்து தட்டு கூடினாலும் சமாளிக்கும்படி பேசி வையுங்கள். தட்டுக்கணக்கை எண்ண உங்கள் ஆள் ஒருவரே நிற்கட்டும். கேட்டரரின் கணக்கும் உங்கள் கணக்கும் இரவு பத்து மணிக்கு மோதினால் அன்றைய மகிழ்ச்சி கெட்டுப்போகும்.

இரண்டாவது தவறு சைவத்தில். 50 பேரில் 20 பேர்தான் சைவம் என்று 20 பேருக்கு பனீர் செய்தால், ஒன்பது மணிக்குச் சைவர்கள் வெறும் பருப்போடு நிற்பார்கள். ஏனென்றால் அசைவம் சாப்பிடுபவர்களும் சைவப் பதார்த்தத்தில் ஒரு கரண்டி எடுப்பார்கள். அதனால் சைவ அயிட்டங்களை 40 பேருக்கும், அசைவத்தை 30 பேருக்கும் செய்யச் சொல்லுங்கள். சப்பாத்தி, ஸ்டார்டர் இருந்தால் தலைக்கு 80 முதல் 100 கிராம் அரிசி போதும், 50 பேருக்கு அதிகபட்சம் 5 கிலோ. துவரம்பருப்பு 2 கிலோ, தயிர் 5 லிட்டர். தயிர்சாதம் வைத்தால் மிச்சமே இருக்காது, அதைத் தமிழர்கள் மட்டும் சாப்பிடுவதும் இல்லை. ஜைன உறுப்பினர் இருந்தால் வெங்காயம், பூண்டு, கிழங்கு இல்லாத தனிப் பாத்திரம், தனிக் கரண்டி. கரண்டி மாறிப்போனால் அவர் அன்று பட்டினி. சைவ மேஜையை அசைவ மேஜைக்கு எதிர்ச் சுவரில் போடுங்கள், பக்கத்திலேயே வேண்டாம்.

மது உண்டென்றால் கூடத்துக்கு உரிமம் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் கலால் துறையில் ஒருநாள் உரிமம் வாங்க வேண்டும். கடைசி நாள் வரை இதைத் தள்ளிப் போடாதீர்கள்.

அடுத்தது கண்ணாடிக் கோப்பை. வாழ்த்துக்குப் பின் எல்லோரும் ஒரே தாளத்தில் கோப்பையை மேஜையில் அடிப்பார்கள். இதற்கென்று உள்ள 'ஃபயரிங் கிளாஸ்' குட்டையானது, அடிப்பாகம் விரல் கனத்துக்குத் தடித்தது. கேட்டரரின் மெல்லிய கிளாஸால் அடித்தால் தண்டு முறியும், கையைக் கிழிக்கும். லாட்ஜ் அலமாரியில் எத்தனை ஃபயரிங் கிளாஸ் மிச்சம் இருக்கின்றன என்று முன்கூட்டியே எண்ணுங்கள். பற்றாக்குறை என்றால் வெறுங்கையால் தட்டச் சொல்லுங்கள், பல இடங்களில் அதுதான் வழக்கம்.

நேரம்தான் கடைசிச் சிக்கல், மும்பையில் அதுவே பெரியது. ஆறரைக்குக் கூடி எட்டேகாலுக்கு மூடினால், எட்டரைக்குச் சூப் மேஜையில் இருக்க வேண்டும். வாழ்த்துகளின் வரிசை லாட்ஜுக்கு லாட்ஜ் மாறும்: பொதுவாக நாடு, கிராண்ட் மாஸ்டர், அந்த லாட்ஜின் தலைவரான மாஸ்டர், விருந்தினர் என்று போய், எங்கிருந்தாலும் துன்பத்தில் உள்ள சகோதரர்களை நினைக்கும், வாசல் காவலரான டைலரின் வாழ்த்தோடு முடியும். ஒவ்வொருவருக்கும் மூன்று நிமிடம் என்று நிகழ்ச்சியை நடத்தும் டைரக்டர் ஆஃப் செரிமனீஸிடம் முன்பே பேசிவிடுங்கள். பத்து மணி தாண்டினால் முலுண்ட், டோம்பிவிலி ஆட்கள் டைலரின் வாழ்த்துக்குக் காத்திராமல் நழுவி சிஎஸ்எம்டி ரயில் நிலையம் நோக்கி நடப்பார்கள். அந்த வாழ்த்து காலி நாற்காலிகளுக்கு முன்னால் சொல்லப்படக் கூடாது. ஐஸ்க்ரீமைப் பேச்சுக்கு முன்பே கொடுத்துவிடுங்கள், பேச்சு தானாகச் சுருங்கும்.

அப்பா லாட்ஜ் உறுப்பினராகி 47 வருடம். முழங்கால் போய்விட்டதால் ஃபோர்ட் வரை போக முடிவதில்லை. எங்கள் வீட்டுக்கு வந்த பிறகு சந்தா நோட்டீஸ் பழைய முகவரிக்கே போயிருக்கிறது, ஏறத்தாழ இரண்டு வருடம் கட்டவில்லை. 50 ஆண்டு கௌரவம் கைவிட்டுப் போய்விடுமா?
— வாசகர், முலுண்ட்

இன்றே செக்ரட்டரியைக் கூப்பிடுங்கள். இங்கிலாந்து கிராண்ட் லாட்ஜ் விதிப்படி முழு இரண்டு ஆண்டு சந்தா நிலுவையாக இருந்தால் உறுப்பினர் தகுதி தானாக முடிந்துவிடும். அதன்பின் நிலுவையைக் கட்டினாலும் மறுபடி முன்மொழிந்து, வாக்கெடுப்பு நடத்தித்தான் உள்ளே வர முடியும். மற்ற கிராண்ட் லாட்ஜ்களில் காலக்கெடு வேறாக இருக்கலாம், ஆனால் நிலுவை எங்கேயும் பெயரைக் காப்பாற்றாது. இரண்டு ஆண்டு முடிய ஒரு வாரம் இருந்தாலும் கட்டிவிட்டால் தொடர்ச்சி அறுபடாது.

நீண்ட சேவைக் கணக்கில் பார்க்கப்படுவது சந்தா கட்டிய உறுப்பினராக இருந்த ஆண்டுகள். சேர்ந்த தேதியிலிருந்து காலண்டரைப் புரட்டிக் கணக்கிட்டால் தப்பாகிவிடும், இடைவெளி விழுந்தால் அது கழியும். அப்பாவிடம் கிராண்ட் லாட்ஜ் சான்றிதழ் இருக்கும். சேர்ந்த தேதி, பதிவு எண் அதில் உண்டு, அதைப் படமெடுத்து வையுங்கள். வேலை மாற்றலில் வேறு ஊர் லாட்ஜில் இருந்திருந்தால் நிலுவை இல்லை என்று அந்த லாட்ஜ் கொடுத்த க்ளியரன்ஸ் சர்டிஃபிகேட்டும் தேவை. பழைய லாட்ஜ்களின் ரெஜிஸ்டரில் தேடி எடுக்க மாதக்கணக்கில் ஆகும். 49-ஆம் ஆண்டில் தொடங்கினால் நெருக்கடிதான், இப்போதே தொடங்குங்கள்.

சந்தா சுமையாக இருந்தால் வாய்விட்டுச் சொல்லுங்கள். தூரத்தில் இருப்பவர்களுக்குக் குறைந்த சந்தா, கௌரவ உறுப்பினர் என்று பல லாட்ஜ்களில் வழி இருக்கிறது. ஆனால் ஒன்று: கௌரவ உறுப்பினராக மாறினால் சேவை ஆண்டு தொடர்ந்து எண்ணப்படுமா என்று கேட்டுவிட்டு ஒப்புக்கொள்ளுங்கள். அன்பால் செய்வதாக நினைத்துக் கொடுப்பார்கள், அது கணக்கை நிறுத்திவிடக்கூடும்.

50 ஆண்டு சான்றிதழை லாட்ஜுக்கு வந்துதான் வாங்க வேண்டும் என்பதில்லை. உடல்நிலை இடம் கொடுக்கவில்லை என்றால் நாலைந்து பேர் வீட்டுக்கே வந்து கொடுப்பது வழக்கம். 47 வருடம் இருந்தவர் இரண்டு வருடம் வரவில்லை, ஒருவரும் விசாரிக்கவில்லை என்றால் அது லாட்ஜின் குறை. அதை செக்ரட்டரியிடம் மரியாதையாக, ஆனால் மறைக்காமல் சொல்லுங்கள்.

மாஸ்டர் பதவி ஆண்டு முடிந்துவிட்டது. இனி எனக்கு அங்கே என்ன வேலை என்றே தெரியவில்லை. பாஸ்ட் மாஸ்டர்கள் பலர் வருவதையே நிறுத்திவிடுகிறார்கள்.
— வாசகர், சயான்

ஸ்டூவர்ட், இன்னர் கார்ட், ஜூனியர் டீகன், சீனியர் டீகன், ஜூனியர் வார்டன், சீனியர் வார்டன், மாஸ்டர் என்று ஏழெட்டு வருடம் படியேறியவருக்கு அடுத்த படி இல்லாதபோது கால் தடுமாறும். முதல் ஆண்டு உடனடி முன்னாள் மாஸ்டராக, புது மாஸ்டரின் இடப்பக்கம் உட்கார்ந்து அவர் மறக்கும் வரியை மெல்ல எடுத்துக் கொடுக்கும் வேலை இருக்கிறது. சிக்கல் இரண்டாம் ஆண்டில்தான் தொடங்கும்.

எங்கள் யோசனை: ஆல்மனர் பதவியைக் கேட்டு வாங்குங்கள். ஒரு லாட்ஜுக்கு அதைவிட அவசியமான ஆள் இல்லை என்பது எங்கள் உறுதியான எண்ணம். நோயாளிகள், முதியவர்கள், இறந்த உறுப்பினர்களின் மனைவிகள் — இவர்களோடு லாட்ஜின் சார்பில் தொடர்பு வைப்பவர் அவர்தான். ஒரு நோட்டுப் போடுங்கள். ஆளுக்கு ஒரு பக்கம்: வீட்டு முகவரி, மனைவி அல்லது பிள்ளையின் எண், வழக்கமாகப் போகும் ஆஸ்பத்திரி, ரத்த வகை, பிறந்தநாள், கடைசியாகக் கூட்டத்துக்கு வந்த தேதி. தொடர்ந்து மூன்று கூட்டம் வராதவரை அந்த வாரமே கூப்பிடுங்கள். 'ஏன் வரவில்லை' என்று தொடங்காதீர்கள், 'உடம்பு எப்படி' என்று தொடங்குங்கள். கணவரை இழந்த பெண்களுக்கு ஆண்டுக்கு நான்கு முறையாவது பேசுங்கள். முதல் வருடம் எல்லோரும் கூப்பிடுவார்கள், மூன்றாம் வருடம்தான் ஆள் வேண்டும். பண உதவி தேவைப்பட்டால் பெயரைக் கூட்டத்தில் சொல்லாமல் மாஸ்டர், ட்ரெஷரர் இருவரோடு முடியுங்கள். பெயர் வெளியே போனால் அடுத்தவர் கேட்கவே மாட்டார்.

முழங்கால் வலியோடு வரும் பெரியவர்களைச் செம்பூரிலிருந்தும் மாட்டுங்காவிலிருந்தும் யார் காரில் ஏற்றி வருவது என்று முறை போட்டுக் கொடுப்பதும் உங்கள் வேலைதான். வாட்ஸ்அப் குழுவில் 'யாராவது அழைத்து வரவும்' என்று போட்டால் ஒருவரும் அழைத்து வரமாட்டார்கள். பெயரைச் சொல்லி ஒருவரிடம் ஒப்படையுங்கள்.

பெண்கள் சேர முடியுமா?
— வாசகி, தானே

மேலே சொன்ன மூன்று கிராண்ட் லாட்ஜ்களிலும் முடியாது. குடும்ப விருந்து, லேடீஸ் நைட் ஆகியவற்றுக்கு அழைப்பு உண்டு. ஆண்களும் பெண்களும் சமமாகச் சேரும் கோ-மேசன்ரி தனி அமைப்பு. அன்னி பெசன்ட் 1902-இல் அதில் சேர்ந்து இந்தியாவுக்கும் கொண்டுவந்தார். மற்ற மூன்றும் அதை அங்கீகரிப்பதில்லை.

மாமனார் காலமாகி ஆறு மாதம். அவருடைய ஏப்ரன், கழுத்துப் பட்டை, பதக்கங்கள் ஒரு தோல்பெட்டியில் இருக்கின்றன. என்ன செய்வது?
— வாசகி, டோம்பிவிலி

பிரித்து வையுங்கள். பதவிச் சின்னம் தொங்கும் கழுத்துப் பட்டை பெரும்பாலும் லாட்ஜின் சொத்து, திருப்பித் தர வேண்டியது. ஏப்ரனும், அவர் பெயர் பொறித்த பதக்கமும் உங்களுடையவை. சதுரமட்டத்தின் கீழே யூக்ளிடின் 47-ஆம் தேற்றப் படம் (செங்கோண முக்கோணத்தின் மூன்று பக்கங்களிலும் சதுரம்) தொங்கினால் அது பாஸ்ட் மாஸ்டர் பதக்கம். பின்பக்கம் பெயரும் ஆண்டும் இருக்கும். அதை வீட்டில் வைத்துக்கொள்ளலாம்.

ஏப்ரன் ஆட்டுத்தோல். பிளாஸ்டிக் பையில் கட்டி வைத்தால் மும்பை மழைக்காலத்தில் பூஞ்சை பிடித்து மஞ்சளாகும். பருத்தித் துணியில் சுற்றி, மடிக்காமல் தட்டையாக வையுங்கள். தண்ணீர் பட்டால் தோல் விறைத்துவிடும், உலர்ந்த மெல்லிய துணியால் துடைத்தால் போதும். வேண்டாம் என்றால் லாட்ஜுக்கே கொடுங்கள், புதிதாகச் சேர்பவருக்குப் பயன்படும். பழைய சாமான் கடைக்குப் போட வேண்டாம்.

பெட்டியில் கையெழுத்துச் சிறு புத்தகங்கள் இருந்தால் அப்படியே செக்ரட்டரியிடம் ஒப்படையுங்கள். அப்போதே இரண்டு விஷயம் கேளுங்கள்: உறுப்பினர் பட்டியலில் மாமனாரின் மறைவு பதிவாகிவிட்டதா, உங்கள் மாமியாரின் பெயரும் எண்ணும் ஆல்மனரிடம் இருக்கிறதா என்று. இரண்டாவதற்கு 'இல்லை' என்று பதில் வந்தால், எழுதிக்கொள்ளச் சொல்லிவிட்டுத்தான் போனை வையுங்கள்.