முதியோர் குடியிருப்பில் நிர்வாகத்தின் வேலை என்ன?

அழகர்கோவில் சாலைப் பக்கம் அம்மாவுக்கு முதியோர் குடியிருப்பில் வீடு பார்ப்பதாகவும், மாதாமாதம் வாங்கும் பராமரிப்புப் பணத்துக்கு நிர்வாகம் என்ன செய்யும் என்றும் கேட்டிருக்கிறீர்கள்.

பெருக்குவது, தோட்டம் எல்லாம் எந்த அடுக்குமாடியிலும் உண்டு. இங்கே முக்கியம் ராத்திரிதான். அம்மா குளியலறையில் வழுக்கி விழுந்து அழைப்பு மணியை அழுத்தினால் யார் வருவார், 108 வண்டி வரும்வரை யார் கூட இருப்பார்? கரண்ட் போனால் லிஃப்ட் ஜெனரேட்டரில் ஓடுமா? சித்திரை வெயிலில் போர் வற்றினால் லாரித் தண்ணீர்க் காசு யார் தலையில்? இதையெல்லாம் ஒப்பந்தத்தில் எழுதி வாங்குங்கள்.

2016 ரியல் எஸ்டேட் சட்டப்படி, வீட்டை ஒப்படைத்த 5 ஆண்டுக்குள் கட்டுமானக் குறையைச் சொன்னால் பில்டர்தான் இலவசமாகச் சரிசெய்ய வேண்டும். அதைப் பராமரிப்புக் கணக்கில் ஏற்ற விடாதீர்கள். அப்புறம், ஒருநாள் ராத்திரி நேரத்தில் போய், அங்கே குடியிருப்பவர்களிடமே பேசிப் பாருங்கள்.