பேஸ்பால்: வாக் கொடுத்த ரிலீவரை ஏன் உடனே மாற்றவில்லை?
ரிலீவர் (ஆட்டத்தின் நடுவில் இறங்கும் மாற்று பிட்சர்) முதல் இருவருக்கும் வாக் (நான்கு தவறான பந்துகளால் பேட்டருக்கு இலவசமாகக் கிடைக்கும் முதல் பேஸ்) கொடுத்தும் மேனேஜர் சும்மா நின்றார் என்கிறீர்கள். மாற்ற விதியே இடம் தராது. 2020 முதல் எம்.எல்.பி.யில் (மேஜர் லீக் பேஸ்பால்) பிட்சர், அதாவது பந்து எறிபவர், மூன்று பேட்டர்களைச் சந்திக்க வேண்டும், இல்லையேல் அந்தப் பாதி இன்னிங்ஸ் (ஒரு அணியின் பேட்டிங் முறை) முடிய வேண்டும். காயம், உடல்நலக் குறைவு மட்டுமே விலக்கு.

பதற்றம் தணிய நேரம் கடத்தவும் வழியில்லை. பேஸில் ஆள் இருந்தால் 18 நொடிக்குள் பந்தை எறியத் தொடங்க வேண்டும், காலியென்றால் 15. தாண்டினால் பேட்டர் கணக்கில் ஒரு ‘பால்’ (தவறான பந்து) ஏறும். ரன்னர் இருக்கும்போது பிட்சர் மேட்டின் பலகையிலிருந்து காலை எடுப்பதும் பேஸுக்கு எறிவதும் சேர்த்து ஒரு பேட்டருக்கு இரண்டு முறைதான். மூன்றாவதில் ரன்னர் அவுட்டாகாவிட்டால் பால்க் (ரன்னர்களை ஒரு பேஸ் முன்னேற்றும் விதிமீறல்)!

திட்டுவதென்றால் இறக்கிய இடத்தைத் திட்டுங்கள். அடுத்த மூவரில் இருவர் வலக்கை பேட்டர்கள் என்றால், அவர்கள் அடிக்க வசதியான இடக்கை ரிலீவர் அங்கே எதற்கு?