முதல் அரை டிரையத்லான்: எந்தப் பாதைக்குப் பணம் கட்டுவது?

கேள்வி: அக்கா, எனக்கு வயது 36. துறைமுகத்துப் பக்கம் ஒரு சரக்கு அலுவலகத்தில் கணக்கு பார்க்கிறேன். இரண்டு அரை மாரத்தான் ஓடியிருக்கிறேன், கடைசியாக ஓடியது 2 மணி 25 நிமிடம். நீச்சல் போன வருடம்தான் கற்றேன். குளத்தில் 1.9 கிலோமீட்டர் நீந்த 55 நிமிடம் ஆகிறது. சைக்கிளில் தட்டையான ரோட்டில் மணிக்கு 24 கிலோமீட்டர் வருகிறது. முதல்முறையாக 70.3 போட்டிக்குப் பெயர் கொடுக்க ஆசை. கூட ஓடுபவர்கள் கோவா என்கிறார்கள். கொழும்பு தட்டையான பாதை, அதுதான் சுலபம் என்கிறார் பயிற்சியாளர். என் நாத்தனார் ஜெர்மனியில் இருக்கிறார், அங்கே வந்தால் தங்கும் செலவே இல்லை, ஏரியில் நீந்தலாம் என்று கூப்பிடுகிறார். சீட்டு எடுத்த பணம், வீணாகக் கூடாது. எதற்குக் கட்டட்டும்?
— வாசகி, தண்டையார்பேட்டை

பதில்: மூன்று ஊரையும் கொஞ்சம் தள்ளி வைத்துவிட்டு, முதலில் உங்கள் நேரத்தைக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். கணக்கு உங்களுக்குக் கைவந்த வேலைதானே.

இந்தத் தூரம் 1.9 கிலோமீட்டர் நீச்சல், 90 சைக்கிள், 21.1 ஓட்டம். மூன்றையும் மைலில் கூட்டினால் 70.3, பெயர் அப்படித்தான் வந்தது. வழக்கமான கட்-ஆஃப், அதாவது அதற்குள் முடிக்காவிட்டால் நிறுத்திவிடும் நேர வரம்பு: நீச்சலுக்கு 1 மணி 10 நிமிடம், தொடக்கத்திலிருந்து 5 மணி 30 நிமிடத்துக்குள் சைக்கிள் முடிய வேண்டும், மொத்தம் 8 மணி 30 நிமிடம். போட்டிக்குப் போட்டி இது மாறலாம், அதனால் பணம் கட்டும் முன் அந்தந்தப் போட்டியின் கையேட்டில் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

குளத்தில் 55 நிமிடம் என்றால் கடலிலும் 55 என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். குளத்தில் ஒவ்வொரு 25 மீட்டருக்கும் சுவரை உதைத்துக் கிளம்புகிறோம், அடியில் கோடு இருக்கிறது. கடலில் இரண்டும் கிடையாது. மிதவையைத் தலைதூக்கிப் பார்த்துப் பார்த்துப் போகும்போது நேர்க்கோடு தவறும், 1.9 என்பது 2.1 ஆகிவிடும். 62 நிமிடம் என்று வைப்போம். உடை மாற்றிச் சைக்கிளில் ஏற 8 நிமிடம். ஆக 1 மணி 10 நிமிடத்தில் சைக்கிள் மிதிக்கத் தொடங்குகிறீர்கள். 24 வேகத்தில் 90 கிலோமீட்டருக்கு 3 மணி 45 நிமிடம், 4:55-க்கு இறங்கிவிடுவீர்கள். ஏற்றம் வந்து வேகம் 22 ஆனால் 5:15. 20 ஆனால் 5:40, அங்கேயே நிறுத்திவிடுவார்கள். 22 வேகத்தில் முடித்தாலே ஓடுவதற்கு 3 மணி நேரத்துக்கு மேல் கையில் இருக்கும். 2:25-க்கு ஓடுகிறவருக்கு, பாதி தூரம் வேகமாக நடந்தாலும் அது போதும்.

இதிலிருந்து என்ன தெரிகிறது? ஓட்டம் உங்களுக்கு இடிக்காது. இடிக்கக்கூடியது, கடலில் 62-க்கும் 70-க்கும் நடுவில் மிச்சமிருக்கும் 8 நிமிடமும், சைக்கிளில் ஏற்றமும்தான். அதனால் ‘எது சுலபமான பாதை’ என்று கேட்பதைவிட, தண்டையார்பேட்டையில் இருந்துகொண்டு நான் எந்தப் பாதைக்குப் பழக முடியும் என்று கேளுங்கள். பணம் வீணாகுமா ஆகாதா என்பது அதில்தான் இருக்கிறது.

எனக்கு நேர்ந்ததையும் சொல்லிவிடுகிறேன். கூட ஓடும் நான்கு பேர் பெயர் கொடுத்தார்கள் என்ற ஒரே காரணத்துக்காக என் முதல் போட்டிக்குப் பணம் கட்டினேன். வரைபடத்தில் 90 கிலோமீட்டருக்கு ஒரு சிவப்புக் கோடு இருந்தது, அவ்வளவுதான். அந்தக் கோட்டில் எத்தனை வேகத்தடை, எத்தனை யு-டர்ன், பாதியில் தோண்டிப் போட்ட ரோடு எங்கே என்று நான் கேட்கவில்லை, அவர்களும் சொல்லவில்லை. சைக்கிள் கட்-ஆஃப் பதினோரு நிமிடத்தில் தவறியது. ஏழு மாதப் பயிற்சி. சைக்கிளை வேனில் ஏற்றிக்கொண்டு திரும்பிய அந்த மத்தியானம் இன்னும் எனக்கு மறக்கவில்லை. உங்களுக்கு அது நடக்கக் கூடாது என்றுதான் இவ்வளவு நீட்டி எழுதுகிறேன்.

சரி, வடசென்னையில் நமக்கு என்ன கிடைக்கிறது? வீட்டுக்குப் பின்னாலேயே கடல், ஆனால் நீந்த முடியாது. காசிமேட்டிலிருந்து எண்ணூர் வரை கரையெல்லாம் கொட்டிய பாறை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணூர் முகத்துவாரத்தில் எண்ணெய் கலந்ததை நாம் எல்லோரும் பார்த்தோம். அதனால் நீச்சல் குளத்தில்தான். கடல் பழக நகரத்துக்குத் தெற்கே, கோவளம் பக்கம் போக வேண்டும், அதுவும் பயிற்சியாளரும் இடுப்பில் கட்டும் மிதவையும் இல்லாமல் ஒருநாளும் இறங்காதீர்கள். மெரினா பக்கம் வேண்டவே வேண்டாம். சைக்கிளுக்கு எண்ணூர் நெடுஞ்சாலை கண்டெய்னர் லாரிகளின் சொத்து. விடியற்காலையில் மீஞ்சூர்–வண்டலூர் வெளிவட்டச் சாலைக்கோ, செங்குன்றம் தாண்டித் தடா பக்கமோ போகிறவர்கள் இருக்கிறார்கள், நீங்களும் குழுவோடு போங்கள். எல்லாம் தட்டை. நம் பக்கத்தில் ஏற்றம் என்றால் பேசின் பிரிட்ஜும் மூலக்கடை மேம்பாலமும்தான். வெயிலும் புழுக்கமும் மட்டும் தாராளமாகக் கிடைக்கிறது. அதைக் குறைவாக நினைக்காதீர்கள். குளிர் நாட்டிலிருந்து வருகிறவர்கள் கோவாவிலும் கொழும்பிலும் ஓட்டத்தில்தான் துவண்டு விழுகிறார்கள். நீங்கள் அந்தச் சூட்டிலேயே பழகியவர்.

இப்போது ஊர்களுக்கு வருவோம். ஜெர்மனியை முதலில் எடுத்துவிடலாம். நாத்தனார் வீட்டில் தங்குவது மிச்சம்தான், ஆனால் ஏரித் தண்ணீர் குளிர். தண்ணீர் 24.5 டிகிரி வரை இருந்தால் வெட்சூட் (குளிர் தாங்க உடம்போடு ஒட்டும் ரப்பர் நீச்சல் உடை) போட அனுமதி உண்டு, குளிர்ந்த ஏரியில் அது இல்லாமல் உங்களுக்குத் தாங்காது. அதைக் காசு கொடுத்து வாங்கினாலும் சென்னையில் போட்டுப் பழக இடமில்லை. முதல்முறை போட்டுக்கொண்டு முதல்முறை குளிர்ந்த தண்ணீரில் இறங்கினால் நெஞ்சு அடைக்கும், மூச்சு திணறும். விசா, விமானம் எல்லாம் சேர்த்தால் தங்கும் செலவில் மிச்சமானது எங்கேயோ போய்விடும். நாத்தனாரைப் பார்க்கத் தனியாகப் போய்வாருங்கள்.

கொழும்பில் இந்தப் போட்டி முதன்முதலில் 2018-ல் நடந்தது. கடல் நீச்சல், நகரத்து ரோட்டில் தட்டையான சைக்கிள் பாதை. உங்கள் பயிற்சியாளர் சொன்னது தப்பில்லை. ஆனால் தட்டை என்றால் சுலபம் என்று பொருளில்லை. இறக்கமே இல்லாத பாதையில் மிதிப்பதை நிறுத்தவே முடியாது. மூன்றே முக்கால் மணி நேரம் ஒரே குனிவில், ஒரே இருக்கையில். இடுப்பும் கழுத்தும் அங்கேதான் பிடிக்கும். அதைவிட எனக்குக் கவலை மாதம். அங்கே போட்டி நடந்தது பிப்ரவரியில். அப்படியென்றால் உங்கள் நீளமான சைக்கிள் பயிற்சிகள் நவம்பர், டிசம்பரில் விழும். வியாசர்பாடி சுரங்கப்பாதையில் தண்ணீர் நிற்கும் மாதங்கள் அவை. புயல் எச்சரிக்கை வந்தால் வாரக்கணக்கில் ரோட்டில் இறங்க முடியாது, திறந்த குளங்களும் மூடிவிடும். பாதை உங்களுக்குப் பொருந்துகிறது, காலம் பொருந்தவில்லை.

கோவாவில் 2019-ல் தொடங்கினார்கள். மிராமர் கடற்கரையில் நீச்சல், போட்டி அக்டோபர்–நவம்பர் வாக்கில் வருகிறது. கடல் வெதுவெதுப்பாக இருக்கும், வெட்சூட் பேச்சே இல்லை, அந்தச் செலவும் இல்லை. உப்புத் தண்ணீர் உடம்பைக் கொஞ்சம் தூக்கியும் கொடுக்கும். ஜூனிலிருந்து செப்டம்பர் வரை இங்கே விடியற்காலைப் பயிற்சிக்குப் பெரிதாகத் தடை வராது. குறை ஒன்றுதான். சைக்கிள் பாதையில் ஏற்ற இறக்கம் உண்டு, உங்கள் கணக்கில் அதுதான் இடிக்கிற இடம்.

என் முடிவு கோவா. ஆனால் இந்த வருடம் இல்லை, அடுத்த வருடம். இந்த வருடம் நம் ஊர்ப் பக்கம் 1.5 கிலோமீட்டர் நீச்சல், 40 சைக்கிள், 10 ஓட்டம் என்று வரும் ஒலிம்பிக் தூரப் போட்டி ஒன்றில், அதிலும் திறந்த நீரில் நீந்துவதாகப் பார்த்து, கட்டணம் கட்டுங்கள். கூட்டத்தோடு நீந்தும்போது கால் முகத்தில் படும், கண்ணாடி கழன்றுபோகும். அதையெல்லாம் குறைந்த காசில் கற்றுக்கொள்ளும் இடம் அது. ஏற்றத்துக்கு, மேம்பாலத்தில் ஞாயிறு விடியற்காலை திரும்பத் திரும்ப ஏறுங்கள். அப்புறம் இரண்டு மாதத்துக்கு ஒருமுறையாவது ஏலகிரிக்குப் போய், 14 கொண்டை ஊசி வளைவையும் நிதானமாக மிதித்து வாருங்கள். அந்தப் பயணச் செலவையும் போட்டிச் செலவில் சேர்த்துக்கொள்ளுங்கள், அது வெட்டிச் செலவு இல்லை.

பணம் கட்டும் முன் அமைப்பாளரிடம் எழுத்தில் கேட்க வேண்டியது சில உண்டு. எல்லோரும் ஒன்றாக இறங்குவதா, சிலர் சிலராக விடுவதா? சிலர் சிலராக விட்டால் உங்கள் கட்-ஆஃப் நீங்கள் இறங்கிய நேரத்திலிருந்து ஓடும், புதியவருக்கு அதுதான் நல்லது. ரோட்டை முழுவதும் மூடுகிறார்களா, ஒரு பக்கம் மட்டுமா? மொத்த ஏற்றம் எத்தனை மீட்டர்? ஓட்டத்தில் எத்தனை கிலோமீட்டருக்கு ஒருமுறை தண்ணீர்? இதற்கெல்லாம் பதில் வராத இடத்தில் பணம் கட்டாதீர்கள்.

நுழைவுக் கட்டணத்தை மட்டும் வைத்து ஒப்பிட்டுப் பார்க்கவும் வேண்டாம். சைக்கிளை முந்தின நாளே கொண்டுபோய் நிறுத்த வேண்டும், பதிவுக்கும் நேரில் போக வேண்டும், ஆக மூன்று ராத்திரி அறை வாடகை. உள்நாட்டு விமானத்தில் பெரும்பாலும் 15 கிலோ இலவசம், பெட்டியில் கட்டிய சைக்கிள் துணிமணியோடு அதைத் தாண்டிவிடும். புது சைக்கிள் வரும் அட்டைப் பெட்டியைக் கடையில் கேட்டால் பெரும்பாலும் கொடுத்துவிடுவார்கள், அதற்காக விலையுயர்ந்த பெட்டி வாங்க வேண்டாம். பெடல், ஹேண்டில்பாரைக் கழற்றி மாட்ட வீட்டில் இரண்டு முறை பழகிக்கொள்ளுங்கள்.

கேள்வி: போன வருடம் ஒரு டிரையத்லானுக்கு முழுக் கட்டணம் கட்டினேன். போட்டிக்குப் பத்து நாள் இருக்கும்போது தேதியைத் தள்ளி வைத்துவிட்டார்கள். புதுத் தேதியில் என் தங்கை கல்யாணம். பணத்தைக் கேட்டால் ‘திருப்பித் தர இயலாது என்று விதிமுறையில் இருக்கிறது, அடுத்த முறை வாருங்கள்’ என்கிறார்கள். விட்டுவிட வேண்டியதுதானா?
— வாசகர், பெரம்பூர்

பதில்: விட வேண்டாம். நீங்கள் வராமல் போவது வேறு, அவர்கள் தேதியை மாற்றுவது வேறு. உங்களுக்குக் காய்ச்சல் வந்து போகாமல் இருந்தால் அந்த விதிமுறையைக் காட்டலாம். சொன்ன தேதியில் நடத்தாதது அவர்கள் பக்கத்துச் சேவைக் குறைபாடு என்று 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் நீங்கள் வாதாட முடியும்.

முதலில் மின்னஞ்சலில் பணத்தைக் கேளுங்கள், 15 நாள் கெடு கொடுங்கள். பழைய தேதி போட்ட விளம்பரம், பணம் கட்டிய ரசீது, தேதி மாற்றிய அறிவிப்பு மூன்றையும் எடுத்து வையுங்கள், இணையதளத்தில் பழையதை மாற்றிவிடுவார்கள். பதில் இல்லையென்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதியுங்கள், பல பேருக்கு இந்தக் கட்டத்திலேயே பணம் வந்துவிடுகிறது. அதற்கும் மசியவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். அமைப்பாளர் எந்த ஊரில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். நீங்கள் கட்டிய தொகை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் வழக்குக் கட்டணம் கிடையாது, வக்கீலும் கட்டாயம் இல்லை. இ-ஜாக்ரிதி தளத்தில் வீட்டிலிருந்தே தாக்கல் செய்யலாம். இரண்டு வருடத்துக்குள் செய்ய வேண்டும்.

கேள்வி: என் மகனுக்கு 22 வயது. முதல் 70.3-க்குப் பயிற்சி எடுக்கிறான். டிரையத்லான் சைக்கிள் வேண்டும், இரண்டரை லட்சம் என்கிறான். வாங்கித் தரலாமா?
— வாசகர், திருவொற்றியூர்

பதில்: இப்போது வேண்டாம் ஐயா. ரோடு பைக்கிலேயே, அதாவது மெல்லிய டயரும் வளைந்த ஹேண்டில்பாரும் உள்ள சைக்கிளிலேயே, இந்தப் போட்டியைத் தாராளமாக முடிக்கலாம், விதியும் தடுக்காது. டிரையத்லான் சைக்கிளில் முழங்கையை ஊன்றிக் குனிந்து ஓட்ட வேண்டும், பிரேக்கிலிருந்து கை விலகி இருக்கும். உங்கள் பக்கத்து லாரி ரோட்டில் அது ஆபத்து. மகனிடம் ஏற்கெனவே ரோடு பைக் இருந்தால், அவன் உடம்புக்கு ஏற்றபடி இருக்கை உயரத்தையும் ஹேண்டில்பாரையும் சரிசெய்து தரும் கடைக்கு ஒருமுறை கூட்டிப்போய்ப் பணம் செலவழியுங்கள்.

இல்லையென்றால் பழையது வாங்கலாம். முதலில் பார்க்க வேண்டியது ஃபிரேம் அளவு, விலை அப்புறம். அளவு பொருந்தாத சைக்கிளை எவ்வளவு குறைத்துக் கொடுத்தாலும் எடுக்காதீர்கள். கார்பன் ஃபிரேம் என்றால், பெயின்ட் வெடித்த இடங்களில் நாணயத்தால் மெதுவாகத் தட்டிப் பாருங்கள், மற்ற இடங்களில் டக்கென்று கேட்டு ஓரிடத்தில் மட்டும் சத்தம் மந்தமாகக் கேட்டால் உள்ளே விரிசல் இருக்கலாம். வாங்கிய பில்லும் ஃபிரேம் எண்ணும் பொருந்துகிறதா என்று பார்த்துவிட்டே பணம் கொடுங்கள். பில் இல்லாதது திருட்டுச் சைக்கிளாக இருந்தால், போலீஸ் ஸ்டேஷனுக்கு நடக்க வேண்டியவன் உங்கள் பையன்.